போலீஸ்காரருக்கு டிப்ஸ் கொடுத்தவள் எழுதுவது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருக்கிறது, அதையும் சௌக்கியத்திலேயே சேர்த்து எழுதிவிடுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்னதும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத வேளை இல்லை. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய், அதற்குள் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து "சாப்பிட்டீங்களா அத்தை" என்கிறார், நானும் சிரித்து வைக்கிறேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. படிக்கும்போது கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, தணிந்த பிறகு எடுத்துப் படி. ஆனால் கடைசி வரைக்கும் படி.

நம் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர்க்கடை டைலரம்மாவை உனக்கு நினைவிருக்கும், உன் காலேஜ் சுடிதாரையெல்லாம் ஒரு சுற்று பெரிதாகவே தைத்துக் கொடுத்துவிட்டு, "வளர்ற பொண்ணு" என்று சமாளித்தவள். அவளுடைய மகன் நீ இருக்கிற நாட்டுக்கே வேலைக்குப் போயிருக்கிறான், அம்மாவை இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்லி டிக்கெட் அனுப்பியிருக்கிறான். போன வாரம் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தாள். "நீங்க போயிட்டு வந்தவங்க, அங்க ரோட்டுல எப்படி இருக்கணும், யார் யாருக்கு டிப்ஸ் குடுக்கணும், எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லுங்க, நான் பாட்டுக்கு எதையாவது பண்ணிப் பையன் மானத்தை வாங்கிடக் கூடாது" என்றாள். எனக்குச் சொல்லவா வேண்டும். மேஜையைத் துடைத்து, சாக்பீஸால் ரோடு போட்டு, டஸ்டர், ஸ்டேப்ளர், ஸ்டாம்ப் பேடு எல்லாவற்றையும் வண்டிகளாக்கி உட்கார்ந்துவிட்டேன். சாயங்கால கிளாஸுக்கு வந்த இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கே வண்டி ரோட்டின் மறுபக்கம் போகும், ஸ்டியரிங்கும் மறுபக்கம் இருக்கும், அதனால் ரோட்டைத் தாண்டும்போது நாம் இங்கே முதலில் பார்க்கிற பக்கத்தைப் பார்த்தால் பிரயோஜனமில்லை, எதிர்ப்பக்கத்தை முதலில் பார் என்று சொன்னேன். ஹாரன் அடிப்பது அங்கே திட்டுவதற்குச் சமம், நாம் இங்கே ஹாரனில் 'வழி விடு', 'வந்துட்டேன்', 'நல்லாயிருக்கியா' எல்லாம் சொல்லிவிடுவோம், அங்கே மகன் வண்டியில் உட்கார்ந்துகொண்டு 'அடிடா ஹாரனை' என்று அவசரப்படுத்தாதே என்றேன். நில் என்று பலகை இருந்தால், ஈ காக்கை இல்லாத ரோடாக இருந்தாலும் சக்கரம் முழுக்க நின்று பிறகுதான் நகர வேண்டும். பள்ளிக்கூட பஸ் நின்று சிவப்பு விளக்கு போட்டால் பின்னால் வருகிறவனும் நிற்க வேண்டும், எதிரே வருகிறவனும் நிற்க வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வேண்டும். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் மகன் இறங்கவே கூடாது, கை இரண்டும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், இங்கே நாம் மரியாதை என்று நினைத்து இறங்கிப் பேப்பரோடு அவர் பக்கத்தில் ஓடுவோமே, அங்கே அப்படி ஓடினால் அவர் பயந்துபோவார் என்றேன். பெஞ்சில் இருந்த பெண்களில் ஒருத்தி "போலீஸ்காரர் பயப்படுவாரா!" என்று சிரித்தாள், அந்த நாட்டுக்குப் போகலாம் போலிருக்கிறதே என்றாள்.

அப்புறம் டிப்ஸ். ஹோட்டலில் சாப்பிட்டால் பில்லோடு அதில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்க வேண்டும், அது நம் பெருந்தன்மை இல்லை, பரிமாறுகிறவர்களின் சம்பளமே பாதி அதில்தான் இருக்கிறது, நம் ஊரில் தட்டில் மிச்சமாகும் சில்லறையைத் தள்ளிவிட்டு எழுந்திருப்போமே, அந்த மாதிரி செய்தால் அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள் என்றேன். முடி வெட்டுகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், லாட்ஜில் அறையைச் சுத்தம் செய்கிறவர், சாமான் தூக்குகிறவர், இவர்களுக்கெல்லாம் உண்டு. நீயே கவுன்ட்டரில் நின்று காபியை வாங்கிக்கொண்டால் கட்டாயமில்லை, ஆனால் அந்தப் பிள்ளை டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கிற கார்டு மெஷினை உன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும், அப்போது தைரியமாக 'வேண்டாம்' என்பதை அமுக்கலாம், நானும் இரண்டாவது வாரத்தில் அமுக்கிப் பழகிவிட்டேன் என்று பெருமையடித்தேன். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர், நர்ஸ், தபால்காரர், போலீஸ்காரர், இவர்களிடம் மட்டும் பர்ஸையே திறக்காதே என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, எதற்கென்று உனக்குத் தெரியும். டைலரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள் பார் ஒரு கேள்வி, "இவ்வளவு ரூல் இருக்கிற ஊருல உங்க பொண்ணு தனியா வண்டி ஓட்டுறாளா?" என்று. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓட்டாம? ஜம்முனு ஓட்டுறா" என்றேன். பெஞ்சில் இருந்த பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு அன்றைக்குத்தான் கியர் போடும்போது வண்டி குதித்துக் குதித்து நின்றிருந்தது, டீச்சரம்மா பெண் அங்கே ஓட்டுகிறாள் என்றதும் முகத்தில் ஒரு தெம்பு. ஆகையால் இப்போது விஷயம் என்னவென்றால், நான் ஊரறிய ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன், அதை வாபஸ் வாங்கும் எண்ணம் எனக்கில்லை, நீதான் அதை உண்மையாக்க வேண்டும்.

உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நான் இங்கிருந்தே தெரியாமல் பேசவில்லை, அங்கே வந்து ஒன்றரை மாதம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். வந்த முதல் நாளே உன் கார் ஷெட்டில் அந்தச் சின்ன நீல வண்டியைப் பார்த்தேன், மேலே தூசி, கண்ணாடியில் யாரோ விரலால் கோடு போட்டிருந்தார்கள், முன்சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்தது. கேட்டேன், நீ "பேட்டரி போயிடுச்சும்மா" என்று சொல்லி ஊறுகாய் பாட்டிலைத் தேடப் போய்விட்டாய். நாலு நாள் கழித்து, மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, துணி மடித்துக்கொண்டே மெல்ல மெல்ல உன் வாயிலிருந்து பிடுங்கினேன். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஓட்டியிருக்கிறாய். சிக்னல் இல்லாத நாலு ரோடு சந்திப்பில், நாலு பக்கமும் நில் பலகை, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நீ முதலில் வந்து நின்றிருக்கிறாய். நின்றவள் போக வேண்டியதுதானே, வலது பக்கம் வந்த பெரியவரைப் பார்த்து 'நீங்க போங்க' என்று கையை ஆட்டியிருக்கிறாய், எதிரே வந்த பெண்மணிக்கு ஒரு 'நீங்க போங்க', அவர்கள் குழம்பிப்போய் உன்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்ட, நீ மறுபடி அவர்களைப் போகச் சொல்ல, வீட்டு வாசலில் விருந்தாளிகளை உள்ளே அழைக்கிற மாதிரி ஒரு உபசாரம் நடந்திருக்கிறது நடுரோட்டில், பின்னால் நின்றவன் ஹாரனை அழுத்தியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி, பெரியவர் பம்பரில் உன் வண்டி உரசிவிட்டது. உலகத்தில் எந்த ஊர்க்காரியும் செய்ய மாட்டாள் இந்தத் தப்பை, நம் வீட்டில் வளர்ந்தவள்தான் செய்வாள் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நீயும் சிரித்தாய், ஆனால் உன் கை மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் கத்தியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. மாப்பிள்ளை வந்து பேசி முடித்து, வீட்டுக்குக் கூட்டி வந்து, தண்ணீர் கொடுத்து, "இனிமே நீ இந்தக் கஷ்டமெல்லாம் பட வேணாம், நான் இருக்கேன்ல" என்றாராம். அதோடு இரண்டு வருஷமாக நீ வண்டிச் சாவியைத் தொடவில்லை.

அந்த 'நான் இருக்கேன்ல' இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் என் வேலை சுலபம். அதிகாலையில் எழுந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தவர், என் செருப்பு அறுந்ததும் நான் சொல்லாமலே புதுசு வாங்கி வந்தவர், உன்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளங்கையில் உட்கார்ந்தவள் எத்தனை நாள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்? காய்கறி வேண்டுமென்றால் சனிக்கிழமை, லைப்ரரி என்றால் ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் என்றால் அவர் லீவு போடுகிற அன்று. பஸ் கிடையாது, நடக்க நடைபாதை கிடையாது. இங்கே இருந்தபோது நீ நம் டிரைவிங் ஸ்கூல் வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் அப்பாவை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டவள், அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு 'வந்துடுச்சா வந்துடுச்சா' என்று கேட்டுக்கொண்டே வர, நீ பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினாயாம். அந்தப் பெண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தாய்?

இப்போது அந்தச் சலூன் நாளுக்கு வருகிறேன். மாப்பிள்ளை அதை நண்பர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாகிவிட்டது, நானும் கூட உட்கார்ந்து சிரித்தேன், அசடு வழிய வேண்டியதுதான். ஆனால் அவர் சொல்லும் கதையில் பாதிதான் இருக்கிறது. அன்றைக்கு உனக்கு முடி வெட்ட அவர் காலையில் நம் இருவரையும் கொண்டுபோய் இறக்கிவிட்டார், திரும்பி வர டாக்ஸிக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் எவ்வளவு பிரியமாக வெட்டினாள் உன் முடியை, பின்னால் கண்ணாடியைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். முடிந்ததும் நீ பர்ஸைத் திறந்தாய், அதில் கார்டு ஒன்றுதான், அதையும் உரசினால் உடனே அவர் போனில் மணி அடிக்கும். நீ ஓரமாகப் போய் அவருக்குப் போன் போட்டு, இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுக்கட்டும் என்று கேட்டாய். இரண்டு பட்டம் வாங்கியவள், ஒரு தலைமுடிக்கு டிப்ஸ் கொடுக்க அனுமதி கேட்டு நிற்கிறாள். அவரும் தாராளமாகத்தான் கொடுக்கச் சொன்னார், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அவர் சொன்ன தொகை பெரிதில்லை, நீ கேட்டாயே, அதுதான் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கொடுக்கிறது என்றால் தன் கையால், தன் மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்க வேண்டும். நான் என் பர்ஸிலிருந்து எடுத்து அந்தப் பெண் கையில் வைத்தேன், நீ என்னை முறைத்தாய்.

அப்புறம் டாக்ஸி வரவில்லை. நின்று நின்று கால் வலித்து, வீடு பக்கம்தானே என்று நான்தான் நடக்கலாம் என்றேன், அதற்கு நான் பொறுப்பு. நடைபாதை இல்லாத ரோடு, புல்லில் ஒரு கால் தாரில் ஒரு கால் என்று நடக்கிறோம், பக்கத்தில் வண்டிகள் விர் விர் என்று போகின்றன, யாரோ நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தகவல் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, போலீஸ் வண்டி வந்து நின்றது. அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்காது. வண்டி கெட்டுப்போச்சா, உடம்புக்கு முடியலையா, உதவி வேணுமா என்று கேட்டான், நீ சொன்னதும் பின்கதவைத் திறந்து ஏறச் சொன்னான். ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தேன், அந்தப் பின்சீட்டுக் கதவில் உள்பக்கம் கைப்பிடியே இல்லை. எத்தனை வண்டி பார்த்திருக்கிறேன் என் வாழ்நாளில், உள்ளேயிருந்து திறக்க முடியாத கதவை அன்றைக்குத்தான் பார்த்தேன், திருடர்களை ஏற்றுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்களாம். நான் கதவைத் தடவித் தடவிப் பார்த்தேன். நீ சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை பார்.

வீட்டு வாசலில் அவன் வந்து கதவைத் திறந்துவிட்டான். மாப்பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் என்ன? 'அத்தை, இங்க வண்டியில கொண்டாந்து வீட்டுல விட்டா டிப்ஸ் குடுக்கணும்.' நான் பர்ஸைத் திறந்து, ஒரு நோட்டை நன்றாக மடித்து, சிரித்த முகமாக அந்தப் போலீஸ்காரன் கையில் வைத்தேன். யார்? இந்த ஊர் லைசென்ஸ் ஆபீஸில் இருபது வருஷமாக எவனுக்கும் பத்துப் பைசா தள்ளாதவள். கவனிக்கவில்லை என்பதற்காக என்னிடம் ஓட்டப் பழகிய பெண்களின் பேப்பரையெல்லாம் அடியில் போட்டார்கள், டெஸ்டில் வேண்டுமென்றே குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள், எடுத்துக் காட்டினார்கள் என் பெண்கள், கொடுத்ததில்லை நான். அப்படிப்பட்டவள் கடல் கடந்து போய் யூனிபார்ம் போட்ட ஆளுக்கு லஞ்சம் நீட்டினேன்! உன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பிள்ளை ஒரு நொடி நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நோட்டை என் கைக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு, உன்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான் என்று அப்போது நீ சொல்லவில்லை, ராத்திரி மாப்பிள்ளையிடம் சொன்னபோது கேட்டேன், 'உங்க அம்மா நல்ல பயணியா இருக்காங்க, ஆனா இதை வேற எந்தப் போலீஸ்கிட்டயும் செய்ய வேணாம்னு சொல்லுங்க' என்றானாம். மாப்பிள்ளையின் கதை இங்கேதான் முடிகிறது, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை, நீயும் நானும் அறிவோம். அவன் போகத் திரும்பியவன் நின்று, திறந்திருந்த ஷெட்டைப் பார்த்து, "வண்டி இருக்கே, யாரோடது?" என்று கேட்டான். அவ்வளவு பாஷை எனக்கும் புரியும். நீ சட்டென்று, யோசிக்காமல், "என் வீட்டுக்காரரோடது" என்றாய். உன் பெயரில் வாங்கிய வண்டி அது. உன் முதல் வருஷச் சம்பளத்தில் முன்பணம் கட்டியது, அதன் சாவியைக் கையில் வைத்து நீ எனக்கு போட்டோ அனுப்பினாய், அதை நான் ஆபீஸில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், சேர வருகிற பெண்ணுக்கெல்லாம் காட்டுகிறேன். போலீஸ்காரன் கேட்டதற்குப் பயந்து சொன்னேன் என்று அப்புறம் நான் கேட்காமலே சமாளித்தாய். இல்லை. பயந்தவள் தடுமாறுவாள், நீ தடுமாறவே இல்லை, பழகிப்போனதைச் சொல்வது போல் சொன்னாய். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு உள்ளே போய் அரிசி கழுவினேன். நீயும் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாய், குளிக்கிற சத்தம் கேட்கவில்லை, வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

நான் அன்றைக்கே பேசியிருப்பேன், வந்த இடத்தில் குடும்பத்தில் கலகம் மூட்டியவள் ஆக வேண்டாம் என்று வாயைக் கட்டினேன். இப்போதும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு "அவங்க குடும்பத்துல நீ ஏன் மூக்கை நுழைக்கிற" என்கிறார். மூக்கும் என்னுடையது, மகளும் என்னுடையவள், எங்கே நுழைக்க வேண்டுமோ அங்கே நுழைப்பேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் நீ ஒருத்தி, உன் பாடு. இனிமேல் அப்படியில்லை. மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் வெளியூர் போகிறவர். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, அவர் எங்கேயோ விமானத்தில் இருக்கிறார், ஷெட்டில் வண்டி நிற்கிறது, நீ டாக்ஸிக்குப் போன் செய்துவிட்டு வாசலில் நிற்கிறாய். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிட இன்னொன்று இருக்கிறது. பிறக்கப்போகிறது பெண்ணோ பிள்ளையோ, அது பேச ஆரம்பித்ததும் 'அப்பா கார், அப்பா கார்' என்றுதான் சொல்லும், அம்மாவுக்கு வண்டி தெரியும் என்பதே அதற்குத் தெரியாமல் வளரும். அதை நான் விட மாட்டேன்.

உனக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை, நீ இரண்டு நாட்டில் பாஸ் செய்தவள், உனக்குத் தெரியாததா. பயமாக இருக்கிறதென்றால் இருக்கட்டும். பயமே இல்லை என்று வருகிறவர்களைத்தான் நான் இன்றுவரை முதல் நாள் வண்டியைத் தொட விடுவதில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு பேட்டரியை மாற்று, காற்று அடி, கண்ணாடியைத் துடை, அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் பின்னால் அந்தப் பெரிய பார்க்கிங் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே பத்துச் சுற்று சுற்று. அப்புறம் தெருவுக்குள். அப்புறம் அந்தச் சலூனுக்குப் போ, முடி வெட்டாவிட்டாலும் பரவாயில்லை, போய்விட்டு வா. கடைசியாக அந்த நாலு ரோடு சந்திப்பு. அங்கே நின்று, உன் முறை வந்ததும் போ. கையை ஆட்டாதே. சிரித்துக்கொண்டு 'நீங்க போங்க' என்று யாரையும் உபசரிக்காதே. முதலில் வந்தவள் நீ என்றால் போக வேண்டியவளும் நீதான், அதை விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் அங்கே மரியாதை இல்லை, மற்றவனுக்குத் தொந்தரவு. ஆஸ்பத்திரி நர்ஸம்மா, என்னிடம் ஓட்டப் பழகியவள்தான், அவளிடம் கேட்டேன், உடம்பு ஒத்துழைக்கிறவரை ஓட்டலாம், பெல்ட் மட்டும் வயிற்றுக்குக் கீழே, தொடையோடு ஒட்டிப் போக வேண்டும் என்றாள். உன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவர் வேண்டாம் என்றால் அது வேறு, அதற்கு நான் தலை வணங்குவேன். வேறு யார் வேண்டாம் என்றாலும் வணங்க மாட்டேன்.

மாப்பிள்ளை போன வாரம் போனில் நான் இந்தத் தடவை அங்கே வரும்போது எனக்கான சட்டதிட்டம் எல்லாம் சொன்னார், தனியாக வெளியே போகக் கூடாது, நடக்கக் கூடாது, அவரைக் கேட்காமல் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. "சரிங்க மாப்பிள்ளை" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நானும் ஒரு சட்டம் சொன்னேன். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது, என்னை அழைக்க நீங்கள் லீவு போட வேண்டாம், என் மகள் வருவாள் என்றேன். "அத்தை, ஏர்போர்ட் ரோடு ரொம்ப வேகமான ரோடு, அவ பயப்படுவா" என்றார். "பயப்படட்டும், பயந்துகிட்டே ஓட்டிட்டு வரட்டும்" என்றேன். டாக்ஸி அனுப்பட்டுமா என்றார். டாக்ஸி வந்தால் ஏற மாட்டேன். அவரே வந்தால் நல்லபடி நலம் விசாரித்து, கொண்டுவந்த பெட்டிகளை மட்டும் அவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் வாசலிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு நாள் முழுக்க உட்காரத் தெரியும், லைசென்ஸ் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து பழகிய உடம்பு இது. கடைசியில் அவர், "சரி அத்தை, நான் பேட்டரியையாவது பார்த்து வைக்கிறேன்" என்றார். வேண்டாம், அதையும் அவளே பார்க்கட்டும் என்றேன். பாவம், குரலே இறங்கிவிட்டது, அவரிடம் நீ கொஞ்சம் அன்பாகவே இரு, சண்டை போடாதே, சாவியை மட்டும் எடுத்துக்கொள்.

கடிதம் நீண்டுவிட்டது, அப்பா விளக்கை அணைக்கச் சொல்கிறார், அவருடைய ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார், அதோடு மெல்ல, "பொண்ணு வண்டியைப் பத்திரமா ஓட்டச் சொல்லு" என்றும் சொன்னார், ஆக அவரும் என் கட்சிதான். நீயும் உன் வீட்டுக்காரரும் பிறக்கப்போகிற குழந்தையும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகிறவர்களாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தப்பாமல் போடு, நின்றுகொண்டே சமைக்காதே. ஏர்போர்ட்டில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி ஓடி வராதே, கால் வழுக்கப்போகிறது, நானே வந்து ஏறிக்கொள்கிறேன். முன்சீட்டில்தான் உட்காருவேன். நான் தினமும் உட்காருகிற வண்டியில் என் காலடியில் ஒரு பிரேக் உண்டு, ஓட்டுகிறவள் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன், அந்த பிரேக்கை நம்பித்தான் இத்தனை வருஷம் ஊர்ப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் வண்டியில் அது கிடையாது, எனக்குத் தெரியும். காலைச் சீட் மேல் மடக்கி வைத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் உட்காரப்போகிற
அம்மா